மண்டபம் போன இடம்

தர்மபுரம்,
எல்லோரும் நித்திரையான பிறகு.

அன்பும் மதிப்பும் நிறைந்த பெரிய மாமாவுக்கு,

மருமகள் தனுஷா பணிவுடன் எழுதிக்கொள்வது. நான் நலம். தாங்களும் நலமாக இருக்கிறீர்கள் என்பதைச் சுவருக்கு அப்பால் இருந்து வரும் தங்கள் குறட்டைச் சத்தத்தால் அறிந்து மகிழ்கிறேன். சுவிஸில் இருந்து பறந்து வந்த களைப்பிலும், எங்கள் நுளம்புகளின் நடுவிலும், தாங்கள் இப்படி ஆழ்ந்து நித்திரை கொள்வதற்கு இறைவனுக்கு நன்றி.

பக்கத்து அறையில் படுத்திருப்பவருக்கு ஏன் கடிதம் என்று நீங்கள் யோசிப்பீர்கள். நேரே சொல்ல எனக்குப் பயம், மாமா. தொலைபேசியில் எழுதலாம் என்றால் வீட்டுக்கு ஒரே தொலைபேசி, அது அப்பாவின் தலையணைக்குக் கீழே இருக்கிறது. ஆகவே நுளம்பு வலைக்குள் டோர்ச் லைற்றைப் பிடித்துக்கொண்டு எழுதுகிறேன். பக்கத்தில் லக்சிகா அக்கா படுத்திருக்கிறார். நாலு நாளில் கலியாணப் பெண்ணாகப் போகிறவர் நித்திரையில் இப்படி உதைப்பார் என்று மாப்பிள்ளை வீட்டாருக்கு இன்னும் தெரியாது. அக்கா விழித்தால் சரித்திரப் பாடம் எழுதுவதாகச் சொல்வேன். ஒரு வகையில் அது பொய்யும் அல்ல.

எங்கள் தமிழ் ரீச்சர் கடிதத்தில் முதலில் நன்றி, பிறகு செய்தி, கடைசியில் வேண்டுகோள் வரவேண்டும் என்று படிப்பித்தவர். ஆகவே முதலில் நன்றி. இந்த வீட்டுக் கூரைக்கு நன்றி. கிணற்று மோட்டருக்கு நன்றி. அக்காவின் தாதிப் படிப்புக்கும் என் மூக்குக் கண்ணாடிக்கும் நன்றி. அந்தக் கண்ணாடி இல்லாவிட்டால் இந்தக் கடிதம் இன்னும் பெரிய எழுத்தில் இருக்கும். இந்த முறை இரண்டு பெட்டி நிறையக் கொண்டு வந்த கதிரை உறைகளுக்கும் நன்றி. உங்கள் நண்பர் வீட்டுக் கலியாணத்தில் மிஞ்சியவை என்று சொன்னீர்கள். வெள்ளைப் பட்டு மாதிரி மினுங்குகின்றன. அவற்றை விமானத்தில் கொண்டு வருவதற்காக உங்கள் உடுப்புகளை விட்டுவிட்டு வந்து, இப்போது அப்பாவின் சாரத்தோடு நிற்கிறீர்கள். அதை நினைக்கும்போதுதான் உங்கள் முகத்தைப் பார்க்க எனக்கு முடியவில்லை.

ஏனென்றால் அந்த உறைகள் மண்டபங்களில் சனம் இருக்கும் பெரிய கதிரைகளின் அளவுக்குத் தைத்தவை.

இனிச் செய்தி. மாமா, மண்டபம் இல்லை.

இதை எழுதியதும் உங்கள் குறட்டை நின்றுவிட்டது. என் மூச்சும் நின்றுவிட்டது. பிறகு இரண்டும் ஒன்றாகத் தொடங்கின.

நாளைக் காலை நீங்கள் முதல் பஸ்ஸில் கிளிநொச்சிக்குப் போய் மண்டபத்தைப் பார்க்கப் போவதாகச் சொன்னீர்கள். அங்கே போய் நின்று, எங்கள் அக்காவின் பெயரைச் சொல்லி, அவர்கள் உங்களை மேலும் கீழும் பார்ப்பதற்கு முன் நடந்ததை நான் சொல்லிவிட வேண்டும். அப்பா சொல்வார் என்று அம்மா இருக்கிறார். அம்மா சொல்வார் என்று அப்பா இருக்கிறார். கலியாணப் பெண் வாய் திறக்கக் கூடாது என்று அக்கா இருக்கிறார். வீட்டில் மிச்சம் இருப்பது நானும் நாயும்தான்.

நிச்சயம் முடிந்த அன்று இரவு நீங்கள் எல்லோரும் கேட்கத் தொலைபேசியில் சொன்னீர்கள். "என்ர மருமகளுக்குக் கலியாணம் கிளிநொச்சியில குளிர் மண்டபத்திலதான். முற்பணத்தை நாளைக்கு அனுப்புறன், மிச்சத்தை நான் வந்து கட்டுறன். ஒருத்தரும் ஒண்டும் யோசிக்கக் கூடாது." அம்மா அன்று சந்தோசத்தில் புட்டுக்கு உப்புப் போட மறந்து போனார். அப்பாவும் சந்தோசப்பட்டார், ஆனால் அவர் யோசித்தார். மண்டபத்தில் நூற்றைம்பது பேருக்குத்தான் சாப்பாடு. அதற்கு மேல் ஒரு தலை கூடினாலும் அந்தத் தலை எங்கள் செலவு. எங்களிடம் இருந்ததோ காலபோக அறுவடை நெல் விற்ற காசில் நகை போக மிஞ்சியது. ஆகவே அப்பா குசினி வாசலில் நின்று சட்டம் போட்டார்.

"நாகேஸ், சொந்தக்காரருக்கு மட்டும் சொல்லுவம்."

"ஓம், அதுதான் சரி. அப்ப புனிதமக்காவுக்குச் சொல்லத்தானே வேணும்?"

"அவா எப்பிடியப்பா சொந்தம்? அவையள் முல்லைத்தீவு, வேதக்காரர்."

"ஒரே கூடாரத்துக்குள்ள கிடந்தனாங்கள். உங்கட கொழும்புச் சித்தப்பா எங்களோட எந்தக் கூடாரத்துக்குள்ள கிடந்தவர், சொல்லுங்கோ பாப்பம்?"

மாமா, நீங்கள் அந்த நேரம் இங்கே இல்லை, அதனால் இந்தக் கணக்கு உங்களுக்குப் புதிதாக இருக்கும். எங்களுக்கு ஒவ்வொரு இடப்பெயர்விலும் சாமான் குறைந்தது, சொந்தம் கூடியது. பள்ளிக்கூடத்தில் ஒன்றாகத் தங்கியவர்கள், பதுங்குகுழியைப் பங்குபோட்டவர்கள், உழவு இயந்திரத்தில் ஏற்றி விட்டவர்கள் என்று அம்மாவிடம் ஒரு பெரிய குடும்பம் இருக்கிறது. அதில் முதல் ஆள் புனிதம் அன்ரி. சண்டை முடிந்த வருடம் நான் செட்டிகுளம் அகதி முகாமில் பிறந்தபோது அப்பா எங்களோடு இல்லை. அக்கா சின்னப் பிள்ளை. புனிதம் அன்ரிதான் தன் ஒரே மாற்றுச் சேலையைக் கிழித்து என்னைச் சுற்றியவர். தண்ணீர் வரிசையில் தனக்கு ஒரு தடவையும் அம்மாவுக்கு ஒரு தடவையும் நின்றவர். என்னை இப்போதும் காணும்போது முதலில் என் தலையை முகர்ந்து பார்ப்பார். பதினாறு வயதில் நடுச் சந்தையில் அது வெட்கமாக இருக்கும், ஆனாலும் நான் குனிந்து கொடுப்பேன்.

ஆகவே புனிதம் அன்ரி வீட்டுக்கு மட்டும் சொல்வதென்று முடிவானது. எங்கள் பக்கத்தில் கலியாணத்துக்கு அட்டை கொடுத்தால் போதாது, வெற்றிலைத் தட்டமும் குங்குமச் சிமிழும் கொண்டு நேரே போய்ச் சொல்ல வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். அப்பாவும் அம்மாவும் போயிருக்க வேண்டும். ஆனால் இரண்டு பெரியவர்கள் போனால் முழு பஸ் காசு என்று சொல்லி, மாணவி என்றால் அரைக் காசு என்று சொல்லி, அக்காவையும் என்னையும் அனுப்பினார்கள். நாங்கள் போனது ஞாயிற்றுக்கிழமை. அன்ரி எங்களைக் கண்டதும் அழுது, சிரித்து, என் தலையை முகர்ந்து, பூசைக்கு நேரமாகிறது என்று எங்களையும் தங்கள் அந்தோனியார் கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போனார். அவருடைய கணவர் யாகப்பு மாமாதான் அங்கே அறிவித்தல் வாசிப்பவர். இது எங்களுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் நான் வெற்றிலைத் தட்டத்தோடு கடலுக்குள் இறங்கியிருப்பேன்.

பூசை முடிந்ததும் யாகப்பு மாமா ஒலிபெருக்கிக்கு முன்னால் வந்தார். வலை திருத்தும் கூட்டம் பற்றிச் சொன்னார். காணாமற்போன ஒரு ஆடு பற்றிச் சொன்னார். பிறகு குரலை உயர்த்தி, "எமது அன்புக்குரிய தர்மபுரம் நாகேஸ்வரி அவர்களின் மூத்த மகளின் திருமணத்துக்கு எமது பங்கு மக்கள் அனைவரையும் குடும்ப சமேதராக வருமாறு அன்புடன் அழைக்கிறார்கள்" என்றார். அந்த ஒலிபெருக்கி கடலில் நிற்கும் படகுக்கும் கேட்கும் மாமா. அக்கா என் தொடையில் கிள்ளினார். எழும்பி இல்லை என்று சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் கோயிலுக்குள், அவ்வளவு சனத்துக்கு நடுவில், உங்களை நாங்கள் கூப்பிடவில்லை என்று எப்படிச் சொல்வது? வெளியே வந்தால் ஒவ்வொருவரும் அக்காவின் தலையில் கை வைத்தார்கள். "முகாமில எங்கட பக்கத்து வரிசையில நிண்ட பிள்ளையெல்லே! எப்பிடி வளந்திட்டுது!" என்றார் ஒருவர். "கட்டாயம் வருவம் மோனை, பஸ் பிடிச்செண்டாலும் வருவம்" என்றார் இன்னொருவர். நாங்கள் வீடு வந்து சேர முன்பே பஸ் பிடித்துவிட்டார்கள் என்று செய்தி வந்துவிட்டது. ஒன்றல்ல, இரண்டு.

அன்று பின்னேரம் பக்கத்து வளவுச் சுப்பம்மா மாமி வேலிக்கு மேலால் தலையை நீட்டினார். எங்கள் ஊரில் பெரிய கிடாரம் அவரிடம் மட்டும்தான் இருக்கிறது. அது இல்லாமல் நூறு பேருக்கே சோறு வடிக்க முடியாது.

"நாகேசு, கடற்கரைக்கு மைக்கில சொன்னியளாம். வேலிக்கு இஞ்சால இருக்கிற எங்களுக்கு வாயாலயும் சொல்ல மாட்டியளோ?"

"ஐயோ மாமி, அது நாங்கள் சொல்லேல்ல, மைக்கே தானாச் சொன்னது!"

"ஓமோம். அப்ப கிடாரத்தையும் மைக்கிட்டயே கேளுங்கோ."

அம்மா அப்படியே தட்டத்தைத் தூக்கிக்கொண்டு சுப்பம்மா மாமியின் படலைக்கு ஓடினார். அவருக்குச் சொன்னதை அடுத்த வீட்டார் கண்டார்கள், ஆகவே அவர்களுக்கும் சொல்ல வேண்டி வந்தது. அவர்களுக்குச் சொன்னால் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள் என்ன பாவம் செய்தார்கள்? இருட்டும்போது அம்மா குங்குமம் தீர்ந்த சிமிழோடு திரும்பி வந்து படியில் இருந்தார். அப்பா கேட்டார், "எத்தனை பேர்?" அம்மா சொன்னார், "எல்லாரும்."

மாமா, இந்த இடத்தில் அப்பாவில் கோபப்பட வேண்டாம். அப்பா அடுத்த நாள் மண்டபத்துக்குப் போய், இரண்டு பந்தி வைத்தால் என்ன, மூன்று வைத்தால் என்ன என்று கேட்டிருக்கிறார். அவர்கள் சொன்ன தொகையைக் கேட்டுவிட்டு, பேசாமல் முற்பணத்தைத் திருப்பித் தரும்படி கேட்டிருக்கிறார். நல்ல மனிதர்கள், தந்துவிட்டார்கள். அப்பா போனது மோட்டார் சைக்கிளில். திரும்பி வந்தது ஒரு லான்ட்மாஸ்ரர் உழவு இயந்திரத்துக்கு முன்னால், அதற்கு வழி காட்டிக்கொண்டு. லான்ட்மாஸ்ரர் பெட்டியில் சீமெந்துக் கல்லும், நீல மாபிளும், இரண்டு வெள்ளைக் கொமட்டும் இருந்தன. அம்மா கொமட்டைப் பார்த்தார். அப்பாவைப் பார்த்தார்.

"உதென்ன?"

"மண்டபம்."

"விசரோ உங்களுக்கு?"

"கொஞ்சம் யோசிச்சுப் பாரும். கலியாணத்தை எங்கட வளவிலயே வைப்பம். பந்தலைப் போடலாம், சோத்தைச் சமைக்கலாம். இரண்டு பஸ் நிறையச் சனம் முல்லைத்தீவில இருந்து வந்து இறங்கினா முதல்ல தேடுறது மணவறையையோ கக்கூஸையோ? மண்டபம் ஒரு நாள் கூத்து. இது பேரப்பிள்ளையள் காலம் வரைக்கும் நிக்கும்."

"அண்ணைக்கு என்ன சொல்லுறது?"

"வந்தாப்பிறகு நேர சொல்லுவம். நேர கண்டா விளங்குவார்."

அப்படித்தான் மாமா, நீங்கள் அனுப்பிய மண்டபம் எங்கள் வீட்டுப் பின்வளவில் இரண்டு மலசலகூடங்களாக எழுந்து நிற்கிறது. நீங்கள் வந்த அன்று காலை முகம் கழுவிவிட்டு வெளியே வந்து, "மச்சான், உது நல்ல வேலை. சுவிஸிலயும் இப்பிடி வடிவா மாபிள் பதிக்க மாட்டாங்கள். ஆர் காசு?" என்று கேட்டீர்கள். அப்பா நிலத்தைப் பார்த்தபடி, "எல்லாம் உங்கட புண்ணியம்தான் அத்தான்" என்றார். நீங்கள் அடக்கமாகச் சிரித்து, "சீ, நான் என்ன செய்தனான்" என்றீர்கள். அம்மா குசினிக்குள் ஓடிச் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். அழுதாரா சிரித்தாரா என்று எனக்குத் தெரியாது. ஆனால் அந்த இரண்டு மலசலகூடங்களில் ஒன்றை அம்மா உங்களுக்கென்று பூட்டி, திறப்பைச் சாமிப்படத்துக்கு முன்னால் வைத்திருக்கிறார். அந்த மரியாதையை நீங்கள் மறக்கக் கூடாது.

நீங்கள் வருவதற்கு முந்திய கிழமை மண்டபத்தை வீடியோவில் காட்டச் சொன்னீர்களே, அதையும் சொல்லிவிட வேண்டும். தொலைபேசியைத் திருப்பிப் பிடிக்க எனக்குத்தான் தெரியும் என்று அப்பா என்னையும் மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனார். போனால் அங்கே யாருக்கோ கலியாணம். அப்பா நல்ல வேட்டி கட்டியிருந்தபடியால் வாசலில் பன்னீர் தெளித்து, சந்தனம் தந்து, உள்ளே இருத்திவிட்டார்கள். அந்த நேரம் பார்த்து நீங்கள் அழைத்தீர்கள்.

"மச்சான், உதென்ன சனம்?"

"அது அத்தான், மண்டபம் பாக்க வந்த ஆக்கள்."

"மணவறையில ஒரு பொம்பிளை இருக்கிறாவே?"

"வெளிச்சம் சரியா விழுதோ எண்டு பாக்க இருத்தியிருக்கினம்."

"ஐயர் மந்திரம் சொல்லுறார்!"

"ஓம் அத்தான், சத்தமும் சரியாக் கேக்குதோ எண்டு பாக்கத்தானே வேணும்."

அதற்குள் கெட்டிமேளம் அடித்தது. மாப்பிள்ளை தாலி கட்டிவிட்டார். நான் பயத்தில் தொலைபேசியை நிறுத்திவிட்டேன். நீங்கள் திரும்ப அழைத்தபோது மண்டபம் நல்லாயிருக்கிறது என்று சொல்லவில்லை. "மிச்சக் காசை எப்ப கேக்கினமாம்?" என்று மட்டும் கேட்டீர்கள். உங்கள் முகம் அப்போது சிரிக்கவே இல்லை. உங்களுக்குச் சந்தேகம் வந்துவிட்டது என்று நினைத்தேன். அந்தக் கலியாண வீட்டார் எங்களைச் சாப்பிடாமல் விடவில்லை. யாரென்றே தெரியாதவர் வீட்டில் சாப்பிட்ட வெட்கத்தில் அப்பா எழும்பிச் சாம்பார் வாளியைத் தூக்கி இரண்டு பந்திக்குப் பரிமாறினார். போகும்போது பெண்ணின் தகப்பன் அப்பாவின் கையைப் பிடித்து, "எங்கட ஆக்களே இப்பிடி நிண்டு செய்யேல்ல" என்று கண் கலங்கினார். எங்கள் கலியாணத்துக்கு அவரும் வருகிறார்.

நேற்று நீங்கள் மண்டபத்துக்குப் போவோம் என்றபோது மோட்டார் சைக்கிள் திறப்புக் காணாமற்போனது. அது அப்பாவின் மடியில் இருந்தது. இன்று சில்லில் காற்றுப் போனது. காற்றைத் திறந்துவிட்டதும் அப்பாதான், பிறகு உங்களோடு சேர்ந்து காற்று அடிக்கும் பம்பைத் தேடியதும் அப்பாதான். இன்று இராச் சாப்பாட்டில் நீங்கள் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு, "நாளைக்குக் காலமை நான் பஸ்ஸில போறன். தனியப் போறன். ஒருத்தரும் வரத் தேவையில்லை" என்றீர்கள். அப்பாவுக்குப் புட்டு விக்கிவிட்டது. அம்மா தண்ணீரை அப்பாவுக்குக் கொடுக்காமல் தானே குடித்தார்.

மாமா, எனக்கு என்ன பயம் என்று சொல்லிவிடுகிறேன். நீங்கள் அந்த மண்டப வாசலில் வெட்கப்பட்டு நின்று, கோபத்தில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் போய்விடுவீர்களோ என்று பயம். அம்மாவுக்குக் கூடப்பிறந்தவர் என்று இப்போது நீங்கள் ஒருவர்தான். கலியாணத்தன்று பெண்ணின் தாய்மாமன் எங்கே என்று யாராவது கேட்டால் அம்மா எந்தப் பக்கம் பார்ப்பார்? மண்டபம் இல்லாமல் கலியாணம் நடக்கும். நீங்கள் இல்லாமலும் தாலி ஏறும்தான். ஆனால் பிறகு அந்தப் படத்தை அம்மா சுவரில் மாட்ட மாட்டார். எனக்கு அம்மாவைத் தெரியும்.

நீங்கள் கோபப்பட முன் எங்கள் வளவை ஒருதரம் பாருங்கள். மாமரத்துக்கும் கிணற்றுக்கும் நடுவில் பந்தல் வரப் போகிறது. உருத்திரபுரத்தில் இருந்து மாப்பிள்ளையின் அப்பா நல்லதம்பி மாமா தன் வயல் நெல்லைக் குற்றி அரிசியாகத் தந்துவிட்டார். "பொம்பிளை வீடு மாப்பிளை வீடு எண்டு பாத்தா சோறு வேகுமே?" என்று கேட்டார். சுப்பம்மா மாமி கிடாரத்தைத் தானே உருட்டிக்கொண்டு வந்து தந்தார், அகப்பை பிடிப்பதும் தான்தான் என்ற நிபந்தனையோடு. யாகப்பு மாமா மரக்கறிக் கலியாணம் என்றதும் கொஞ்சம் கவலைப்பட்டார். "அப்ப எங்களுக்கு அங்க என்ன வேலை? ஒரு சின்னப் பாரை மீனெண்டாலும் ஒரு மூலையில..." என்று இழுத்தார். அப்பா முடியாது என்றதும், படகு மூடும் படங்கும் பழைய வலைகளும் கொண்டு வந்து இறக்கினார். படங்கு பந்தலுக்கு. வலை குரங்குக்கு. அம்மா சுட்ட முதல் தொகைப் பயத்தம் பணியாரத்தைக் குரங்குகள் கூரையில் வைத்துப் பந்தி போட்டுச் சாப்பிட்டதை நீங்கள் அறியவில்லை. இப்போது பணியாரமெல்லாம் வலைக்குள் தொங்குகிறது. குரங்குகள் கீழே வந்து அண்ணாந்து பார்த்துவிட்டுப் போகின்றன.

இவர்களில் ஒருவரும் எங்களிடம் ஒன்றும் கேட்கவில்லை, மாமா. அதனால்தான் இந்தக் கடிதத்தைக் குறை சொல்ல எழுதவில்லை. இத்தனை பேருக்கு நன்றி சொல்லக் கிடைத்த வீடு இது. அதில் முதல் நன்றி உங்களுக்குத்தான். கூரை நீங்கள் தந்தது. அதற்குக் கீழே நிற்கச் சனத்தை அம்மா தேடிவிட்டார், அவ்வளவுதான்.

இனி வேண்டுகோள். காலையில் சப்பாத்துப் போடும்போது இந்தக் கடிதம் உங்கள் காலில் தட்டும். பஸ்ஸுக்குப் போக முன் வாசியுங்கள். திட்டுவதென்றால் என்னைத் திட்டுங்கள். அதையும் கிணற்றடிப் பக்கம் கூட்டிக்கொண்டு போய்த் திட்டுங்கள், அக்காவுக்குக் கேட்க வேண்டாம். நான் எழுதியதை அப்பாவுக்குச் சொல்ல வேண்டாம். கலியாணம் முடியும்வரை மட்டும் நில்லுங்கள்.

எங்கள் பிள்ளையாரும், புனிதம் அன்ரி எங்களுக்காகக் கேட்டு வைத்திருக்கும் அந்தோனியாரும் உங்களுக்கும் சுவிஸில் இருக்கும் மாமிக்கும் நல்ல உடம்பையும் நிம்மதியான நித்திரையையும் தருவார்களாக. உங்கள் காலைத் தொட்டு வணங்கி, அதே காலின் சப்பாத்துக்குள் இதை வைக்கிறேன்.

என்றும் நன்றி மறவாத, இப்போது மிகவும் பயந்துபோயிருக்கும்,
மருமகள்
தனுஷா

பி.கு.: மாமா, நீங்கள் இதை வாசித்துவிட்டீர்கள். நான் சப்பாத்தைத் தேடி வந்தபோது உங்கள் அறையில் நீங்கள் இல்லை. பின்வளவில் லைற் எரிந்தது. நீங்கள் நீல மாபிள் படியில் தலையைப் பிடித்துக்கொண்டு இருந்தீர்கள். எனக்கு ஓடவும் தெரியவில்லை, கதைக்கவும் தெரியவில்லை, கடிதத்தை நீட்டிவிட்டேன். நீங்கள் அந்த லைற்றுக்குக் கீழேயே வாசித்தீர்கள். ஒலிபெருக்கி வந்த இடத்தில் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினீர்கள். வாசித்து முடித்ததும் கேட்டீர்கள்.

"பிள்ளை, உண்மையா மண்டபம் இல்லையோ?"

"உண்மையா இல்லை மாமா."

"சத்தியமா?"

"சத்தியமா. நீங்கள் இருக்கிறதுதான் மண்டபம்."

"அப்பனே முருகா" என்று சொல்லிச் சுவரில் சாய்ந்தீர்கள். நான் உங்களுக்கு ஏதோ செய்துவிட்டது என்று பயந்து தண்ணீர் எடுக்க ஓடப் போனேன். நீங்கள் கையைப் பிடித்து நிறுத்தினீர்கள். உணவகத்தில் உங்கள் வேலையைப் பாதியாகக் குறைத்துவிட்டதையும், மிச்சக் காசு கையில் இல்லை என்பதையும், எல்லோரும் கேட்கச் சொன்ன வாக்கைத் திரும்ப எடுக்க வெட்கப்பட்டு நித்திரை இல்லாமல் கிடந்ததையும், நாளைக்குத் தனியாகப் போய் மண்டபக்காரரிடம் தவணை கேட்டுக் கும்பிட இருந்ததையும் சொன்னீர்கள். சொல்லிவிட்டு அந்தச் சுவரைத் தடவிப் பார்த்தீர்கள். "கொப்பர் மூளைசாலியடி" என்று அப்பாவைப் புகழ்ந்தீர்கள். பிறகு, "அந்தப் புனிதம் அக்கா வந்து இறங்கேக்க எனக்குக் காட்டு. நான்தான் அவாவைக் கூட்டிக்கொண்டு வந்து முன்வரிசையில இருத்துவன்" என்றீர்கள். அப்போது மட்டும் உங்கள் குரல் வேறு மாதிரி இருந்தது.

கடிதத்தைக் கிழிக்கச் சொன்னீர்கள். நன்றி சொன்ன இடங்கள் உண்மையானபடியால் கிழிக்க மனமில்லை. ஆகவே நீங்கள் சொன்ன திருத்தங்களை மட்டும் இங்கே எழுதிச் சப்பாத்துக்குள் வைக்கிறேன், சுவிஸுக்குக் கொண்டு போங்கள். ஒன்று, கடிதத்தின் முதற் பந்தியில் வரும் குறட்டை உங்களுடையது அல்ல, விறாந்தையில் படுத்திருக்கும் அப்பாவுடையது. இரண்டு, மண்டபம் இல்லை என்பதைக் கெட்ட செய்தி போல எழுதியது பிழை. மூன்று, உணவகக் கதை மாமிக்குத் தெரியக் கூடாது. நான்காவது நீங்கள் சொல்லாதது, நானே கண்டுபிடித்தது. கதிரை உறைகள் எங்கள் பிளாஸ்ரிக் கதிரைகளுக்குத் தொளதொள என்று இருந்தாலும், ஒன்றுக்குள் ஒரு வாளிப் பணியாரம் போட்டு வாயைக் கட்டித் தூக்கினால் எந்தக் குரங்காலும் திறக்க முடியாது. பரீட்சித்துப் பார்த்துவிட்டேன்.

அதோடு, அப்பாவுக்கு இன்று நாம் கதைத்தது தெரியக் கூடாது என்கிறீர்கள். காலையில் அப்பா தானே நடுங்கி நடுங்கி உண்மையைச் சொல்லும்வரை நீங்கள் பஸ்ஸுக்குப் போவது போல வெளிக்கிட்டு நிற்பீர்கள். சொன்னதும் தேத்தண்ணி ஆறும்வரை கோபப்படுவீர்கள். பிறகு பெருந்தன்மையாக மன்னிப்பீர்கள். என்னைக் குசினி வாசலில் பயந்த மாதிரி நிற்கச் சொன்னீர்கள். பிறந்ததில் இருந்து எனக்கு அது கேட்காமலே வரும், மாமா. ஆனால் எவ்வளவு யோசித்தும் இப்போது வருகுதில்லை. சிரிப்புத்தான் வருகிறது. நீங்கள் என் பக்கம் மட்டும் பார்த்துவிடாதீர்கள்.